தரைவீட்டுக் குளக்காரர்களுக்கு: நீர்நாய்களைத் தீவுக்கு அனுப்பக் கேட்காதீர்கள்

சிங்கப்பூரின் தரைவீடுகளில் (அடுக்குமாடியில் அல்லாமல் நிலத்தோடு அமைந்த வீடுகளில்) குடியிருப்போருக்கும், வீட்டுக் குளத்தில் கோய் என்னும் அலங்காரக் கெண்டை மீன் வளர்க்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

எங்காவது ஒரு வீட்டுக் குளத்து மீன்களை நீர்நாய்கள் தின்று காலி செய்தால் போதும், இதே பேச்சு மறுபடி எழுகிறது: நீர்நாய்களைப் பிடித்துச் சிங்கப்பூரின் தென் தீவுகளில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வாசகர் கடிதங்களில் படிக்கிறேன், காப்பிக்கடை மேசைகளில் கேட்கிறேன். அந்தக் கோரிக்கையோடு நீங்கள் அதிகாரிகளிடம் போவதற்கு முன் நான் சொல்வதையும் கேட்டுவிடுங்கள் என்பதற்காகவே இந்த மடல். நான் காலாங் ஆற்றோரம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவன். எனக்குக் குளமும் இல்லை, மீனும் இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதவன் பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமே. ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. நண்பர் ஒருவரின் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குளத்தைச் சுற்றிய கல்தரையெங்கும் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் செதில்கள் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. வடிகட்டி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மீன் பாதி உடலோடு தொட்டி ஓரத்தில் கிடந்தது. இன்னொன்று கடிபட்ட இடத்தோடு அப்படியே விடப்பட்டிருந்தது. நண்பரின் தாயார் தீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோய் மீன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. காலடிச் சத்தம் கேட்டால் கரைக்கு வரும், கையிலிருந்து தீனி வாங்கும். அதை விலை கொடுத்து வாங்கிய அழகுப்பொருள் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த அம்மாவின் முகம் புரியாது. "பணக்காரன் வீட்டு மீன்தானே" என்று இணையத்தில் சிரிப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் அந்தக் கோபத்தில் நாம் மறந்துபோகும் ஒன்று உண்டு. இந்த விலங்கு இங்கே வந்து சேர்ந்தது எப்படி என்பது.

1977-ல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அன்றைய ஆற்றை அறிந்த மூத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பன்றிப் பண்ணைக் கழிவு, வாத்துப் பண்ணைக் கழிவு, தெருவோர அங்காடிக் குப்பை, சரக்குத் தோணிகளின் எண்ணெய், எல்லாம் ஆற்றில்தான். பண்ணைகள் அகற்றப்பட்டன, அங்காடிக்காரர்கள் உணவு நிலையங்களுக்கு மாறினார்கள், தோணிகள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987-ல் வேலை முடிந்தபோது செலவு ஏறக்குறைய 170 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இடம் மாற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு அதில் சேரவில்லை. எத்தனையோ எளிய குடும்பங்கள் தொழிலையும் குடிசையையும் விட்டுக்கொடுத்து உண்டான தண்ணீர் இது. 1970களில் நம் நீர்நிலைகளில் அநேகமாக மறைந்தே போயிருந்த நீர்நாய்கள், 1990களின் இறுதியில் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் மறுபடி தலைகாட்டின. யாரும் கொண்டுவந்து விடவில்லை, அவையாகவே வந்தன.

அடுத்த மாற்றம் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில். அங்கே நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறாக மாற்றினார்கள். 2012-ல் திறந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அங்கே ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியேறியது. பீஷான் குடும்பம் என்று ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் கூட்டம் பின்னர் ஆற்றோடு இறங்கி மரினா பே வரை வந்து, அங்கிருந்த குடும்பத்தோடு மோதி இடத்தைப் பிடித்ததை நாளிதழ்கள் தொடராகவே எழுதின.

அதன் பிறகு வந்த செய்திகள் உங்களுக்குத் தெரியும். 2020-ல் கொவிட் முறியடிப்பு நடவடிக்கையால் தெருக்கள் வெறிச்சோடியிருந்த நாள்களில், தேக்காவில் (லிட்டில் இந்தியா) முஸ்தஃபா கடைப் பக்கம் ஒரு குடும்பம் வரிசையாக ஓடியது. மருத்துவமனை ஒன்றின் வளாகத்துக்குள்ளும் போனது. 2022-ல் அதிபர் மாளிகையான இஸ்தானா அருகே நீர்நாய்கள் சாலையைக் கடக்கப் போலீசார் வாகனங்களை நிறுத்தினார்கள். அந்தக் காணொளியை அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கே பகிர்ந்துகொண்டார். ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டு நிருபர்கள் வந்து இதையெல்லாம் வேடிக்கைச் செய்தியாக எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு வேடிக்கை. நமக்கு அன்றாட வாழ்க்கை. ஆகவே நாம்தான் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆற்றங்கரையில் விடியற்காலையில் நடப்பவர்கள் எல்லாரும் அவற்றை அறிவோம். முதலில் கேட்பது சத்தம்தான், சிறு விசில்போலக் கீச்சுக் குரல். பிறகு தண்ணீரில் நாலைந்து தட்டையான தலைகள். பிடித்த மீனை முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடிக்கும். முள் நொறுங்குவது பாலத்தின் மேலே நிற்பவருக்கும் கேட்கும். சாப்பிட்டு முடித்ததும் புல்லில் புரண்டு புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். நீந்தப் பயப்படும் குட்டியைத் தாய் பிடரியில் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். குட்டி கத்திக்கொண்டே கரையேறும். தாய் மறுபடி இழுக்கும். மூத்த குட்டிகள் பக்கத்தில் காவலுக்கு நீந்தும். பெற்றோர், மூத்த பிள்ளைகள், இந்த ஆண்டுக் குட்டிகள் என்று கூட்டுக் குடும்பமாக வாழும் விலங்கு அது. சங்கப் புலவர்கள் மருத நிலத்துப் பொய்கையில் காலை இரையாக வாளைமீனைப் பிடிப்பதாகப் பாடிய அதே நீர்நாய், இங்கே திலாப்பியாவைப் பிடிக்கிறது.

இப்போது தீவுக் கோரிக்கைக்கு வருகிறேன். மனிதாபிமானத்தோடு சொல்லப்படும் யோசனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொல்லச் சொல்லவில்லை, இடம் மாற்றத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நடக்காது.

நீர்நாய்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. எச்சத்தால் மணம் வைத்து அதைக் காக்கும். ஒரு குடும்பத்தை அகற்றினால் அந்த இடம் வெற்றிடமாக இருக்காது. இடம் தேடிக்கொண்டிருக்கும் அடுத்த குடும்பம் உள்ளே வரும். உங்கள் குளமும் அங்கேயேதான் இருக்கும், வடிகாலும் அங்கேயேதான் இருக்கும். கொண்டுபோய் விடப்பட்ட குடும்பத்தின் கதி இன்னும் மோசம். புதிய இடத்தில் ஏற்கெனவே வேறு குடும்பம் இருந்தால் சண்டை, அதில் முதலில் சாவது குட்டிகள். தென் தீவுகள் சிறியவை. கடலில் மீன் பிடித்தாலும் ரோமத்திலிருந்து உப்பைக் கழுவ இவற்றுக்கு நன்னீர் வேண்டும். இத்தனைக்கும் மேலாக, இவை கடலில் நீந்தும் விலங்குகள். தண்ணீர் வழியாக இந்த நாட்டுக்கு வந்தவை திரும்பி வரமாட்டா என்று யார் உறுதி சொல்வது?

எண்ணிக்கை பெருகிவிட்டது என்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த மதிப்பீட்டில் நாடு முழுவதும் சுமார் 170 நீர்நாய்கள். உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளானதாகப் பட்டியலிடப்பட்ட இனம் இது.

உங்களால் செய்யக்கூடியது என்ன? நண்பர் வீட்டில் பிறகு செய்ததையே சொல்கிறேன். நீர்நாய்கள் வாசல்மணி அடித்துக்கொண்டு வருவதில்லை. பேட்டையின் (குடியிருப்பு வட்டாரத்தின்) பெரிய வடிகாலில் நடந்து வந்து, சிறு கால்வாயில் ஏறி, கேட்டுக்கு அடியில் நுழைகின்றன. தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். ஆகவே கேட்டின் அடிப்பகுதியிலும் கம்பிகளுக்கு இடையிலும் உள்ள இடைவெளியை உலோக வலையால் அடைத்தார். வடிகால் வாய்க்குக் கம்பித் தடுப்பு வைத்தார். குளத்தைச் சுற்றி இரவில் மட்டும் நிறுத்தும் உறுதியான தடுப்பு ஒன்றைக் கொல்லரிடம் சொல்லிச் செய்தார். குளத்தின்மேல் மெல்லிய நைலான் வலை விரிப்பதில் பயனில்லை, கடித்துக் கிழித்துவிடும் அல்லது தூக்கிவிட்டு நுழையும். செலவு ஆனது, மறுக்கவில்லை. பெரிய கோய் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அதிகமில்லை என்று அவரே சொன்னார். நீர்நாய்கள் அதன் பிறகும் அந்தத் தெருவில் வந்து போகின்றன. அவர் குளத்தில் மீன்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 2021 நவம்பர் இறுதியில் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்), பொழுது விடியாத இருட்டில், நடக்கப் போன ஒருவரை நீர்நாய்கள் சூழ்ந்து கடித்தன. இருபதுக்கு மேற்பட்ட காயங்கள். அவருக்கு முன்னால் ஓடிய ஒருவர் இருட்டில் அவற்றின்மேல் மோதியதாகச் செய்தி வந்தது. அந்த மனிதர் பட்ட பயம் சாதாரணமானதல்ல. நீர்நாய் பொம்மையல்ல, கூரிய பல்லுள்ள காட்டு விலங்கு. குட்டிகளுக்கு ஆபத்து என்று நினைத்தால் பாயும். இதை உணர வேண்டியவர்கள் உங்களைவிட, என்னைப்போல் ஆற்றோரம் நடப்பவர்கள்தான். படம் எடுக்கக் கைபேசியோடு குட்டிகளின் பக்கம் குனிகிறவர்களையும், நாயின் வாரை அவிழ்த்துவிடுகிறவர்களையும், ரொட்டி வீசுகிறவர்களையும் நான் பார்க்காத வாரமில்லை. 2020-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். மனிதர் கையில் சாப்பாடு இருக்கும் என்று ஒரு நீர்நாய்க்குட்டி கற்றுக்கொண்டால், அடுத்து அது மனிதர் வீட்டைத் தேடித்தான் வரும். அந்த வீடு உங்களுடையதாக இருக்கும். இந்த விஷயத்தில் நீங்கள் எங்கள்மேல் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு.

தேசியப் பூங்காக் கழகத்தார் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தடுப்பு வையுங்கள் என்று நீங்கள் தரும் ஆலோசனை சரியானது. ஆனால் அது மீன்கள் செத்த பிறகுதான் பலர் காதுக்கு எட்டுகிறது. ஒரு குடும்பம் புதிய வடிகாலுக்கு இடம் மாறியதாகத் தெரிந்தவுடனே, அந்தப் பேட்டையில் குளம் உள்ள வீடுகளுக்கு நேரில் ஆள் அனுப்புங்கள். எந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்று கேட்டருகே நின்று காட்டுங்கள். முதியவர்கள் தனியாக வசிக்கும் தரைவீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களால் இணையத்தில் வழிகாட்டிக் குறிப்பைத் தேடி எடுக்க முடியாது. புதிதாகக் குளம் கட்டித் தரும் ஒப்பந்தக்காரர்களிடம் ஆரம்பத்திலேயே தடுப்பையும் சேர்த்து அமைக்கும்படி வலியுறுத்துங்கள். நீர்நாய் ஆர்வலர்கள் நாள்தோறும் குடும்பங்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அந்தத் தகவல் மீன் வளர்ப்போர் கைக்கும் போகட்டும்.

உங்கள் பேட்டையில் அடுத்த கூட்டம் நடக்கும்போது, இடமாற்றக் கோரிக்கையை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த ஒரு மாதத்தில் தெருவில் குளம் உள்ள ஒவ்வொரு வீட்டின் கேட்டடியையும் வடிகால் வாயையும் நாலு பேர் சேர்ந்து பார்த்து அடையுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். நண்பருக்குத் தடுப்பு செய்து கொடுத்த கொல்லரையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
காலாங் ஆற்றோரக் குடியிருப்பாளன்