படிவக் கட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கச்சிமடத்தில் சிறிய கணினி மையம் நடத்துகிறேன். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும், விண்ணப்பம் போட வரும் கடற்கரை மக்கள்தான் என் கடையில் அதிகம்.

போன மாதம் கடல்பாசி எடுக்கும் ஓர் அக்காவுக்கு ஓர் இணையப் படிவம் நிரப்பினேன். வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் போட்டேன். இரண்டுக்கும் பச்சை டிக். அப்புறம் பாஸ்புக்கைப் பார்த்து வங்கியை மட்டும் மாற்றினேன். குறியீடு பழையதாகவே நின்றுவிட்டது. படிவம் மறுபடி சரிபார்க்கவில்லை. பணம் வராமல் அவர் மூன்று முறை பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை போச்சு.

அந்தக் குறியீட்டின் 11 எழுத்துகளில் முதல் நான்கு வங்கியைத்தான் குறிக்கின்றன. மேலே தேர்ந்தெடுத்த வங்கியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நிரல் எழுதுபவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. பிறந்த தேதியும் வயதும், மாவட்டமும் பின்கோடும் இப்படித்தான். தனித்தனியாகச் சரி, சேர்த்துப் பார்த்தால் முரண்.

ஒன்றை மாற்றினால் அதோடு தொடர்புள்ள மற்றதையும் படிவம் உடனே மறுபடி பார்க்க வேண்டும். எந்த இரண்டு பொருந்தவில்லை என்று அந்தக் கட்டங்களின் பக்கத்திலேயே தமிழில் சொல்ல வேண்டும். 'பிழை' என்று மட்டும் சிவப்பில் காட்டினால் அந்த அக்காவுக்கு நான் என்ன விளக்க முடியும்? சமர்ப்பித்த பிறகு, விவரம் போய்ச் சேரும் கணினியான சர்வரிலும் ஒருமுறை இதே சோதனை வேண்டும்.

கணினி மைய உரிமையாளர்,
தங்கச்சிமடம்