ஜீப் மெட்டு ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்

எட்மன்டன்,
பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பொங்கலன்றுகூட நான் சரியாகப் பேசவில்லை என்று அண்ணி வருத்தப்பட்டார்களாம். தப்பு என்னுடையதுதான். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்றுதான் நம் ஜீப் கிளட்ச் போய் மெட்டு ஏறாத விஷயத்தைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரி, நானும் எழுதியே அனுப்புகிறேன்.

இங்கே குளிர் மைனஸ் 27. ராத்திரி எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க, செல்போனுக்குச் சார்ஜ் போடுவது போலக் காரையே கரண்டில் சொருகி வைக்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, விடிவதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாரே, அவரேதான். அவரிடம் 1998ஆம் வருட ஜீப் ராங்லர் இருக்கிறது. கோடையில் மலைப்பக்கம் மண் பாதையில் ஓட்டுகிற வண்டி. கிளட்ச் தேய்ந்துவிட்டது, வீட்டிலேயே மாற்றப் போகிறேன், ஒரு கை பிடிக்கிறாயா என்றார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை இல்லை. போனேன்.

இரண்டு ஞாயிறு பிடித்தது. ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, சக்கரங்களுக்குப் போகிற முன் பின் ஷாஃப்டைக் கழற்றி, கனம் குறையட்டும் என்று, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸைத் தனியாக இறக்கினோம். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கிற பெல் ஹவுசிங்கில் மேலே இருக்கிற இரண்டு போல்ட்தான் உயிரை வாங்கியது. தலை நட்சத்திரம் மாதிரி இருக்கும், சாதாரண பாக்ஸ் ஸ்பேனர் பிடிக்காது. எஞ்சினின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, கை நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் போட்டு, ஒருவர் பிடிக்க ஒருவர் திருப்பினோம். கியர்பாக்ஸ் வெளியே வந்ததும் அந்தக் கருகிய வாடை குப்பென்று அடித்தது.

அண்ணே, அப்பா சட்டை வாடை அது. தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு ராத்திரி திரும்பி வந்து, குளிக்காமல் திண்ணையில் உட்காருவாரே, அந்த வாடை. பெரியவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னவென்று கேட்டார். பனியில் கண் எரிகிறது என்றேன். அவரிடம் எப்படிச் சொல்வது?

கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட் தலை தெரிந்தது. பிளேட் உரசுகிற எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலிலும் கோடு விழுந்திருந்ததால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்கினோம். புதுப் பிளேட் சரியாக நடுவில் உட்காருகிறதா என்று சென்டர் பார்க்கப் பிளாஸ்டிக் குச்சி ஒன்று செட்டோடு வந்தது. அப்பா பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டை வைத்துப் பார்ப்பாரே, அதே வேலைதான். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டில் தொங்கவிடக் கூடாது, பிளேட் வளைந்துவிடும் என்று நான் சொன்னேன். அது எப்படித் தெரியும் என்றார் பெரியவர். உங்களுக்குத்தான் தெரியுமே, பத்து வயதில் டார்ச் பிடித்துக்கொண்டு வாங்கிய திட்டு.

வேலை முடிந்ததும் பெரோகி தந்தார். சோமாஸ் வடிவம், கொழுக்கட்டை மாதிரி வேகவைத்தது, உள்ளே உருளைக்கிழங்கு. நான் அண்ணி அனுப்பிய இட்லிப் பொடியைக் கொண்டுபோனேன். தொட்டுத் தொட்டு டப்பாவில் பாதியை முடித்துவிட்டார்.

இப்போது நம் வண்டிக்கு வருகிறேன். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை, அதற்குத்தான் கூலி. இறக்கியதோடு, பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முனையைத் தாங்குகிற பைலட் புஷ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீலை நீங்களே விரல் விட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் கசிந்தால் புதுப் பிளேட்டும் நனைந்து வழுக்கும். புதுப் பிளேட்டை எண்ணெய்க் கையோடு தொட விடாதீர்கள். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, டிரைவர் தம்பியிடம் கோபப்படாமல் பேசுங்கள். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவிலும் பெடலைப் பாதி மிதித்து ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் எந்தப் பிளேட்டும் தாங்காது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பணம் 12,000 அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்குக் குறைவுதான். மீதி பங்குனியில் வரும். குளிர் காலத்தில் குடோனில் ஷிப்ட் கொஞ்சம் குறையும், எல்லோருக்கும் அப்படித்தான். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

தங்கச்சி வளைகாப்புக்கு வளையலை அம்மா கையால் வாங்கச் சொல்லுங்கள். மாமா வீட்டுக்கு நீங்களே நேரில் போய் அழையுங்கள், போன வருடப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். அம்மாவின் இடது கண்ணுக்கும் ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடாதீர்கள், வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்பே முடித்துவிடலாம். கிணற்று மோட்டார் அப்புறம்.

கழற்றிய பழைய பிளேட்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி