பைண்டு கட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அறிவியல் புனைகதையை வார இதழ் வாசகர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்த சுஜாதாவின் ஆரம்ப கால எழுத்துகளை வைத்துப் பாளையங்கோட்டையில் நடந்த கண்காட்சி நிறைவாக முடிந்தது. இரவல் தந்த கட்டுகள் எல்லாம் அந்தந்த வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

முதல் நன்றி கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி ஆச்சிமாருக்கு. குமுதத்திலிருந்து வாராவாரம் தொடர்கதையைக் கிழித்தெடுத்து, பைண்டு போட்டு, நார்ப்பெட்டியில் வைத்திருந்தீர்கள். புத்தகத்தில் கதை மட்டும்தான் இருக்கும். 1968-ல் ‘நைலான் கயிறு’ எந்தப் படத்தோடு வந்தது, எந்த வரியில் ‘தொடரும்’ போட்டு வாசகரைக் காக்கவைத்தது என்பதெல்லாம் உங்கள் கட்டுகளில்தான் இருக்கிறது.

அடுத்து, டவுன் பைண்டிங் அண்ணாச்சி. பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி, துணியில் வடிகட்டினார். பூச்சி அரிக்காமலிருக்க வழக்கமாகச் சேர்க்கும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) இந்தத் தாள்களுக்குச் சேர்க்கவில்லை. செம்புச் சத்து பழைய தாளை இன்னும் சீக்கிரம் நொறுக்கிவிடும். துத்தம் இல்லாத பசை மறுநாளே புளித்துவிடுவதால் தினமும் புதிதாகக் காய்ச்சினார். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை அவர் இழுக்கவே இல்லை. பின்பக்கம் கத்திமுனையால் பின்னின் காலை நிமிர்த்தி, முன்பக்கமாக மெல்லத் தள்ளி எடுத்தார். இழுத்தால் துரு ஏறிய இடம் வட்டமாகப் பெயர்ந்து வந்துவிடும்.

தேதிதான் பெரும்பாடு. பைண்டு போடும்போது ஓரத்தை வெட்டியதில் பல பக்கங்களில் தேதி போய்விட்டது. தீபாவளித் துணி விளம்பரங்களையும் பக்க எண்களையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தித் தந்த நூலகப் பணியாளர்களுக்கு நன்றி. உறுதியாகாத பக்கத்தில் ஆண்டு எழுத மறுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

திருவல்லிக்கேணியில் 1935-ல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்த எஸ். ரங்கராஜன் (சுஜாதாவின் இயற்பெயர்), பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போகுமுன் விமானப் போக்குவரத்துத் துறையில் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தார். அந்த வேலையை விளக்கி எழுதித் தந்த ஓய்வுபெற்ற அலுவலருக்கும் நன்றி. விமானங்களை உயரத்தாலும் நேரத்தாலும் பிரித்துவைக்கும் இடத்தில் மிகைச்சொல்லுக்கு வேலை இல்லை. சுஜாதாவின் சிக்கன நடையில் அந்தப் பயிற்சிக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறோம். குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்ட செய்தி எழுதியிருந்த பலகையின் முன்னால்தான் கூட்டம் அதிகம்.

ஒரு கண்ணாடிப் பெட்டி மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது. அது 1953-ல் அவருடைய முதல் கதை வந்த ‘சிவாஜி’ இதழுக்கு வைத்த இடம். திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய பத்திரிகை. சுஜாதாவே பின்னாளில் தேடிய இதழ். உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் வெயிலில் காயவைக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், பின்னைத் தொடாதீர்கள். பழைய வேட்டித்துணியில் சுற்றி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நாங்களே வருகிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்