தம்பியின் படிப்பு குறித்து நைனாவுக்கு

டொராண்டோ,
30 மார்ச் 2025.

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் மருமகள், பேத்தி மூவரும் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அடுத்த முறை அம்மாவை சி.எம்.சி.க்கு அழைத்துப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தொலைபேசியில் இதைப் பேச முடியவில்லை. ஆரம்பித்தாலே "பட்டறைக்கு ஆள் வந்திருக்கிறார்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தம்பியை நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர்க்க, பரதராமி சாலையில் இருக்கும் நிலத்தை அடமானம் வைக்க நினைக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். அவன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பேன் என்று நிற்கிறானாம்; பிளஸ் டூ தேர்வு முடிந்த நாளிலிருந்து நீங்கள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நைனா, நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். அவன் கேட்பதையே படிக்கட்டும்.

"இவன் மட்டும் கம்ப்யூட்டர் படித்து வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, தம்பியைக் கரியில் தள்ளப் பார்க்கிறானே" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான். அதனால் இங்கே நான் எப்படி இருக்கிறேன், என்னென்ன பார்த்தேன் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் வாங்கிய வீடு 1970-களில் கட்டியது. செங்கல் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே முழுக்க மரச்சட்டமும் அதன்மேல் அறைந்த ஜிப்சம் பலகையும். கரண்ட் வரும் விதமும் வேறு. தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் காயிலின் நடுவிலிருந்து நியூட்ரலை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் நியூட்ரலுக்கு 120 வோல்ட். முனைக்கு முனை 240. விளக்குக்கும் பிளக் பாயிண்டுக்கும் 120, மின் அடுப்புக்கும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் 240. நொடிக்கு 50 சைக்கிளுக்குப் பதில் 60 சைக்கிள். பாயிண்டுகளுக்கு சுவிட்ச் கிடையாது. அம்மா இங்கே வந்தால் முதலில் அதைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் தண்ணீர் புழங்கும் இடத்துப் பாயிண்டுகளில், மின் கசிவு வந்தால் கரண்ட்டை அறுத்துவிடும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் அதே வேலைக்கு வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்கு விழும். இது 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழுந்துவிடும்.

வீட்டு வயரிங் அலுமினியம். அந்தக் காலத்தில் தாமிரத்தின் விலை ஏறியதால் இந்தப் பக்கம் நிறைய வீடுகளுக்கு அதைத்தான் போட்டிருக்கிறார்கள். போன ஆண்டு சமையலறைப் பாயிண்ட் ஒன்றில் கருகல் வாசனை வந்தது. பிரேக்கரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினேன். நியூட்ரல் ஸ்குருவைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் கொப்புளம் விட்டிருந்தது. ஸ்குருவுக்கு அடியில் வயர் தளர்ந்து, விரலால் தொட்டால் ஆடியது. அலுமினியம் சூட்டில் தாமிரத்தைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். விரிந்து சுருங்கிப் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், அது கரண்ட்டைத் தடுக்கும், இன்னும் சூடேறும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை குறையும் என்று அலுமினியக் கம்பியில் மோட்டார் காயில் கட்டித் தரக் கேட்டுப் பட்டறைக்கு வந்தவர்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்! வந்த வேலையை இப்படி விடலாமா என்று அம்மாகூடக் கோபித்துக்கொள்வார்கள்.

ஒன்டாரியோ மாகாணத்துச் சட்டப்படி, சொந்த வீட்டில் குடியிருப்பவர் தன் வீட்டு வயரிங் வேலையைத் தானே செய்துகொள்ளலாம். ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்ப்பார். கூலிக்குச் செய்வதென்றால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். வீடு முழுவதும் அலுமினியம் என்பதால் நான் கை வைக்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவரைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு, இருபது வயதுகூட ஆகாமல் இங்கே வந்தவர். முதலில் உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனிடம் பயிலுநராகச் சேர்ந்தார். இந்த மாகாணத்தில் எலக்ட்ரீஷியன் ஆவதற்கு, வகுப்பும் வேலையுமாக 9,000 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். ஏறக்குறைய 5 ஆண்டு. அதன் பிறகுதான் உரிமத் தேர்வு. என்னுடைய பொறியியல் படிப்பே 4 ஆண்டுதான் நைனா.

அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். அலுமினிய முனையோடு ஒரு சாண் தாமிர வயரைச் சேர்த்து, அதற்கென்றே அங்கீகரித்த, ஆக்சைடு படியாமல் இருக்கப் பசை நிரப்பிய இணைப்பியைப் போட்டு முறுக்கினார். முறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன். அவர் கேட்கும் முன்பே சரியான ஸ்குருடிரைவரை நீட்டியதைப் பார்த்து, "தம்பிக்கு இந்த வேலை பழக்கமோ?" என்றார். என் அப்பா குடியாத்தத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர் என்று சொன்னேன். உடனே வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எரிந்த காயிலை அறுத்தெடுத்துச் சுற்றுகளை எண்ணுவது, கம்பியின் கேஜ் பார்ப்பது, ஸ்லாட்டில் பேப்பர் போட்டுக் கம்பியை இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பது எல்லாவற்றையும் சொன்னேன். "கையால் காயில் கட்டத் தெரிந்த ஆளை நான் இங்கே பார்த்ததில்லை" என்றார்.

ஆய்வாளர் வந்தார். சில பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தார். அண்ணனும் அவரும் சமமாக நின்று பேசிக்கொண்டார்கள். ஆய்வாளர் தந்த சான்றை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் எங்கள் வீட்டுக்குக் காப்பீட்டைப் புதுப்பித்தது. வங்கி மேலாளர் குடியிருக்கும் தெருவில்தான் அந்த அண்ணனின் வீடும் இருக்கிறது, எங்கள் வீட்டைவிடப் பெரியது. மணிக்கு அவர் வாங்கும் கூலி என் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்தால் வருவதைவிட அதிகம். அந்தத் தொகையைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயிர் காய்ந்துவிடும் என்று பேர்ணாம்பட்டிலிருந்தும் கே.வி.குப்பத்திலிருந்தும் மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். நீங்கள் விடிய விடிய உட்கார்ந்து கட்டி, காலையில் ஓட்டிக் காட்டுவீர்கள். ஓடியதும், "நாலு கம்பியைச் சுற்றினதற்கு இவ்வளவா?" என்பார்கள். "மல்லாட்டை பிடுங்கியதும் தருகிறேன்" என்பார்கள். நீங்கள் நோட்டில் எழுதி வைப்பீர்கள். 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது, சேறு புகுந்த மோட்டார்களைத் தெரு வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பல்பு வெப்பத்தில் காய வைத்து, மெகர் போட்டு இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுப்பினீர்கள். புதுக் காயில் கட்ட வேண்டும் என்று சொல்லிக் காசு பார்த்திருக்கலாம். நீங்கள் செய்யவில்லை. உங்கள் பிள்ளைகளின் கையில் கரி படக்கூடாது என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது நைனா. வேலை கஷ்டம் என்பதற்காக நீங்கள் அப்படி நினைக்கவில்லை. வேலைக்கு மரியாதை இல்லாததுதான் உங்களுக்கு வலி.

என் வேலையைப் பற்றியும் கேளுங்கள். எங்கள் நிறுவனத்தின் சர்வர்களும் கணினிகளும் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முறை வைத்து இரவுக் காவல் உண்டு. நள்ளிரவில் போன் அடித்தால் எழுந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டிலிருந்தே சரிசெய்துவிடலாம். போன ஆண்டு ஜூலை 19 அன்று அது நடக்கவில்லை. கணினிகளைக் காக்கும் மென்பொருள் ஒன்றுக்குப் பிழையான புதுப்பிப்பு வந்து, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. விமானங்கள் நின்றதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கணினி எழுந்து நின்றால்தானே தொலைவிலிருந்து தொட முடியும்? பெரும்பாலானவற்றுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையாகப் போய், பாதுகாப்பு முறையில் திறந்து, வட்டின் பூட்டுக்கு 48 இலக்கச் சாவியைக் கையால் அடித்து, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினோம். மாடிமாடியாக இரவு வரை அதே வேலை. எங்களில் நிரல் எழுதுவதில் பெரிய ஆட்கள் என்று பெயர் வாங்கியவர்களும் அன்று விசைப்பலகையோடு வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு வந்த ஆட்குறைப்பில் அவர்களில் சிலருக்கு வேலை போயிற்று. எனக்கு இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கம்ப்யூட்டர் படித்தால் போதும், வாழ்க்கை நிலைத்துவிடும் என்று நான் படித்த காலத்தில் நம் ஊரில் சொன்னார்கள். தம்பிக்கு அப்படி என்னால் சொல்ல முடியாது.

மற்றபடி அன்றாட வாழ்க்கை பழகிவிட்டது. பனிக்காலத்தில் காலையில் எழுந்ததும் வாசலில் பனியை வாருவது, பிறகு பேத்தியைப் பள்ளியில் விடுவது, அதன் பிறகு வேலை. குழாய் ஒழுகினால் உள்ளே இருக்கும் கேட்ரிட்ஜை நானே மாற்றிவிடுகிறேன். எரிவாயுவில் ஓடி வீட்டைச் சூடாக்கும் சூளையை மட்டும் தொடுவதில்லை. அதற்கும் தனி உரிமம் வேண்டும். ஜனவரியில் அது பற்றிப் பற்றி அணைந்துகொண்டே இருந்தது. வந்தவர், தீ எரிகிறதா என்று உணரும் சின்னக் கம்பியைக் கழற்றி, மெல்லிய உராய்வுத் துணியால் துடைத்து மாட்டினார். அதன்மேல் படலம் படிந்ததால், எரியும் தீயே கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரியாமல் போய், வாயுவை அடைத்துக்கொண்டிருந்ததாம். சீக்கிரம் முடித்துவிட்டார். முழுக் கூலியும் கொடுத்தேன். எதைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத்தானே தெரிந்தது.

இப்போது கிரைண்டர் விஷயம். கோயம்புத்தூர் கிரைண்டரை நீங்கள் கட்டி அனுப்பினீர்கள் அல்லவா, அதற்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போட்டு 230 வோல்ட் கொடுத்துவிட்டேன். ஆனால் டிரான்ஸ்பார்மர் சைக்கிளை மாற்றாது. 50-இல் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் 60-இல் ஏறக்குறைய 1,730 ஓடியது. மாவு சூடேறி இட்லி சரியாக வரவில்லை. உங்கள் மருமகளுக்குப் பெரிய வருத்தம். தம்பியிடம் வீடியோவில் காட்டினேன். அடுத்த வாரமே ஒரு புல்லியை லேத்தில் கடைந்து, ஊருக்கு வந்திருந்த வாணியம்பாடி நண்பரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்றால், மோட்டார் புல்லியின் விட்டத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்தால் கல் பழைய வேகத்துக்கு வரும் என்று தானே கணக்குப் போட்டிருக்கிறான். பெல்ட் தளரும் என்பதையும் யோசித்து, மோட்டாரை எந்த அளவு பின்னால் நகர்த்த வேண்டும் என்று காகிதத்தில் படம் வரைந்து வைத்திருந்தான். புல்லியை மோட்டார் தண்டில் பூட்டும் சாவிக்காடி துல்லியமாக இருந்தது. மாட்டியதும் ஆட்டம் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்துச் செய்தான் என்று நினைத்து அம்மாவிடம் கேட்டேன். உங்களுக்கே தெரியாது என்றார்கள். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணனிடம் அந்தப் புல்லியைக் காட்டினேன். பையனுக்கு என்ன வயது என்று கேட்டார்.

ஐ.டி.ஐ. என்றால் அதோடு படிப்பு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் 2 ஆண்டு, அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக 2-ஆம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் அப்படியே 2-ஆம் ஆண்டில் நுழையலாம். நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். மாலையில் உங்கள் பட்டறையில் உட்காரட்டும். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் நோட்டுகளில் இருக்கிறது. எந்த மோட்டாருக்கு எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, எந்த கேஜ் என்று முப்பது ஆண்டுக் கணக்கு. அதைப் படிக்கத் தெரிந்தவன் நம் வீட்டில் அவன் ஒருவன்தான். எனக்குத் தெரியாது.

கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். பட்டறைக்கு நான் அனுப்பியிருக்கும் பணத்தில் முதலில் எர்த் குழியைப் புதுப்பித்து, ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள், அந்த வேலையைத் தம்பியிடமே விடுங்கள். கூலிக்கு இனிப் பலகை எழுதி மாட்டுங்கள்: பிரித்துப் பார்க்க இவ்வளவு, காயில் கட்ட இவ்வளவு என்று. பழைய ஆட்கள் சத்தம் போடுவார்கள், போடட்டும்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எனக்கு விடுப்பு கிடைக்காது. ஆகஸ்டில் மூவரும் வருகிறோம். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்கலாம். தம்பி கொண்டுவந்து நீட்டும்போது மறுக்காமல் போட்டுக்கொடுங்கள். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்