பராமரிப்பார் இல்லாத பொதிகள்: டெபியன் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டெபியன் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கி, 1993 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்துவரும் உங்கள் திட்டத்தில், கவனிப்பாரற்ற பொதியை (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டப்பட்ட மென்பொருளை)ப் புதியவர் எடுத்து நடத்துவதற்கான வழிமுறை எழுத்திலேயே இருக்கிறது. கைவிட்டதாக அறிவிக்கப்பட்ட பொதிக்கு, மென்பொருள் பிழைகளையும் கோரிக்கைகளையும் பதியும் வழுப் பட்டியலில் ஒரு பதிவு உண்டு. அதன் தலைப்பை 'ஐ.டி.ஏ.' (பொறுப்பேற்க எண்ணம்) என்று மாற்றி, தன்னைப் பொறுப்பாளராகக் குறித்துக்கொண்டு எவரும் வேலையைத் தொடங்கலாம். அறிவிப்பே இல்லாமல் கிடக்கும் பொதியென்றால், மீட்கும் எண்ணத்தை வழுவாகப் பதிந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். மறுப்பு வராதபோது, புதிய பதிப்பு உடனே சேராமல் குறைந்தது ஏழு நாள் காத்திருக்கும்படி, அதைத் தாமத வரிசையில் ஏற்ற வேண்டும். பழைய பராமரிப்பாளரின் மரியாதைக்கும் குறைவு வராத நல்ல ஏற்பாடு இது.

புதியவர் திணறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். அவருக்குப் பதிவேற்றும் உரிமை இல்லை. பொதியின் விவரங்கள் அடங்கிய கண்ட்ரோல் கோப்பில் பராமரிப்பாளர் வரியை மாற்றி, பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவியின் பழைய நிலையை உயர்த்தி, மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாகில் அந்த வழுவை மூடி, புதியவர்களின் பொதிகளுக்கான மென்டார்ஸ் தளத்தில் ஏற்றிவிட்டு, உங்களில் ஒருவர் அதைச் சரிபார்த்துத் தன் உரிமையில் பதிவேற்றும் ஸ்பான்சராக முன்வரும்வரை காத்திருக்கிறார். ஸ்பான்சராகிறவருக்குப் பதிப்புரிமைக் கோப்பை மட்டும் சரிபார்க்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் "எனக்கு நேரமில்லை, இந்த நிரல்மொழிக்கான குழுவிடம் கேட்டுப் பாருங்கள்" என்று அவருக்குப் பதில் எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், இணைப் பராமரிப்பாளராக வந்தவரே ரகசியப் பின்கதவு வைத்த நிகழ்வுக்குப் பிறகு முன்பின் தெரியாதவரிடம் பொதியைக் கொடுக்கத் தயங்குகிறீர்கள் என்றால் அது நியாயமே. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட அந்தப் பின்கதவு உங்கள் சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வரையிலும் வந்துவிட்டது, நிலையான பதிப்பான ஸ்டேபிள் தப்பியது. எனினும் அங்கே நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தனியாளாகச் சுமந்து சோர்ந்திருந்த ஒரு பராமரிப்பாளரை, பொறுப்பைப் பகிரச் சொல்லிச் சில கணக்குகள் நெருக்கின. அவருக்குத் துணையாக நின்று இரண்டாவது கண்ணால் பார்க்க ஆளில்லை. கதவை அடைப்பதால் இந்தத் தனிமை தீராது, இன்னும் கூடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு பொதியில் ஆர்வம் குன்றும்போதே, அது முற்றிலும் பழுதாகும்வரை காத்திராமல், பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று 'ஆர்.எஃப்.ஏ.' பதிவு இடுங்கள். வருகிறவரை உடனே தனியே விட்டுவிடாமல், இணைப் பதிவேற்றுநராகச் சேர்த்துக்கொண்டு, ஒரு ஸ்டேபிள் வெளியீடு முடியும்வரை அவருடைய ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே படித்து ஏற்றுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகள் பெரும்பாலும் உங்கள் நினைவில் மட்டும் இருப்பவை பற்றியே இருக்கும்: மூல நிரலில் நீங்கள் செய்த இந்தத் திருத்தம் (ஒட்டு) ஏன் போடப்பட்டது, மூல ஆசிரியர் அதை ஏன் ஏற்கவில்லை என்பன போன்றவை. அவற்றை ஒட்டுக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

ஸ்டேபிள் வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் உறைநிலை தொடங்கிய பிறகு பெரிய மாற்றங்களுக்கு இடமில்லை என்பதால், கைமாற்ற நினைக்கும் பொதிகளுக்கான பதிவுகளை அதற்குச் சில மாதங்கள் முன்பே இட்டுவிடுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
டெபியன் பயனர் ஒருவர்