ஜான் ஃப்ரெண்டின் சிறைவாசமும் அவர் எழுதிய வரலாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ரெண்ட் (1675–1728) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவருடைய லண்டன் கோபுரச் சிறைவாசத்தோடு நின்றுவிட்டது. ஃப்ரெண்டை விடுவித்தால்தான் பிரதமர் வால்போலுக்கு வைத்தியம் என்று நண்பர் ரிச்சர்ட் மீட் அடம்பிடித்த கதை சுவையானதுதான். ஆனால், ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்ற ஆயர் அட்டர்பரி தலைமையில் தீட்டப்பட்ட சதி தொடர்பாக 1723இல் சிறைப்பட்டு, சில மாதங்களில் பிணையில் வந்தார் என்பது மட்டுமே உறுதி. அவர் பெயர் நிலைத்தது 1725, 1726இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய மருத்துவ வரலாற்றால். கட்டுரை அதற்கு ஒரே வரி ஒதுக்கியது வருத்தம் தருகிறது.

ஜெனீவாவின் டேனியல் லெக்ளேர் 1696இல் வெளியிட்ட மருத்துவ வரலாறு, 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலனோடு நின்றது. பிற்காலத்துக்கு அவர் பின்னர் சேர்த்தது சுருக்கமான ஒரு வரைவுதான். கேலன் முதல் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரையிலான சுமார் 1,300 ஆண்டுகளை ஃப்ரெண்ட் எழுத எடுத்துக்கொண்டார்.

இதில் முதல் சிக்கல், யார் எந்தக் காலத்தவர் என்பது. கிரேக்க மொழியில் எழுதிய மருத்துவர் ஏட்டியஸை எடுத்துக்கொள்வோம். 444இல் இறந்த அலெக்சாந்திரியா ஆயர் சிரிலையும், 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியை ஆளத் தொடங்கிய மன்னர் தியோடரிக்கின் மருத்துவரான பீட்டரையும் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே அவரை 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் வைக்க வழியில்லை. டிராலெஸ் ஊர் மருத்துவர் அலெக்சாந்தர் ஏட்டியஸை மேற்கோள் காட்டுகிறார்; ஈஜினா தீவின் மருத்துவர் பால் அலெக்சாந்தரைக் காட்டுகிறார். இப்படித்தான் மூவரும் வரிசைக்கு வருகிறார்கள். ஆனால் இவர்கள் எல்லோருமே முன்னோரைப் பார்த்து எழுதியவர்கள். இருவர் நூலிலும் ஒரே பத்தி இருந்தால், யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பது அந்தப் பத்தியால் மட்டும் விளங்காது. இருவருமே கேலனிடமிருந்து எடுத்திருக்கலாம். நோயாளியருகே நின்று பார்த்தவர் எழுதிய வரியைப் பிரித்தறிய மருத்துவர் கண் வேண்டும். ஃப்ரெண்டின் பலம் அது. ஒவ்வொருவரும் புதிதாக என்ன சேர்த்தார் என்றே அவர் கேட்டார்.

பெரியம்மை பற்றிய பக்கங்களைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். முதுகுவலி பெரியம்மையில் அதிகம், குமட்டலும் தவிப்பும் தட்டம்மையில் அதிகம் என்று பிரித்துச் சொன்ன, அரபியில் எழுதிய பாரசீக மருத்துவர் அல்-ராஸியை அவர் மதிப்போடு நடத்துகிறார். ஆனால் அந்த நோய்க்கான சிகிச்சை பற்றிய சர்ச்சையில் ஃப்ரெண்டே ஒரு தரப்பு. கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்த பெரியம்மையில் இரண்டாவது முறை ஏறும் காய்ச்சலுக்குப் பேதி கொடுக்கலாம் என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸின் நூலுக்கு 1717இல் எழுதிய விளக்கவுரையில் வாதிட்டார். லண்டன் மருத்துவர் ஜான் உட்வர்ட் 1718இல் அதைக் கடுமையாக மறுத்தார். மறு ஆண்டு, ஃப்ரெண்டின் பக்கம் நின்ற மீடும் உட்வர்டும் லண்டன் கிரெஷாம் கல்லூரி வாசலில் வாளை உருவும் அளவுக்குப் பகை முற்றியது.

இன்னொரு குறை, ஃப்ரெண்டுக்கு அரபி தெரியாது. லத்தீன் மொழிபெயர்ப்புகளை நம்பியே எழுதினார். அரபு மருத்துவர்கள் பெரும்பாலும் கிரேக்கரைத் திருப்பிச் சொன்னவர்கள் என்ற அவருடைய தீர்ப்பைத் தங்கள் கட்டுரையாளர் கேள்வியில்லாமல் ஏற்றது சரியல்ல. இரண்டாம் தொகுதியில் வரும் அந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள், அரபியிலிருந்து நேரடியாகப் பெயர்க்கப்பட்ட அல்-ராஸியின் நூலையும் ஸ்பெயின் நாட்டு அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவியின் நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவ வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்