ஆய்விதழில் காட்டும் தயக்கத்தை எங்களிடமும் காட்டுங்கள்

சமூக ஊடகங்களில் எழுதும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதிவுகளை விடாமல் படிக்கும் சாதாரண வாசகன் நான். ஒரு பதிவு பிடித்துவிட்டால் அதன் மூலக் கட்டுரையையும் தேடிப் படிப்பேன். பல நேரம் இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. கட்டுரையில் "தொடர்பு இருக்கக்கூடும்" என்பவர், பதிவில் "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்கிறார். மாதிரி சிறியது, சோதனை நடந்தது எலிகளில் என்று கட்டுரை ஒப்புக்கொள்கிறது. பதிவுக்கு வந்தால் எலிகளையே காணோம். 2019-இல் ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் இதற்காகவே ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கினார். ஆரவாரமான மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, "எலிகளில்" என்று மட்டும் சேர்ப்பார். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

ஊதிப் பெருக்குவது பத்திரிகைக்காரர்கள் என்பீர்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் 2014-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம், முடிவுகளை மனிதர்களுக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியிருந்தன. செய்தியாளர் கையில் கிடைப்பதற்கு முன்பே மிகை புகுந்துவிட்டது. இப்போதோ இடையில் ஆளே இல்லை, நீங்களே நேரடியாக எழுதுகிறீர்கள்.

உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கட்டுரையில் இடம் கிடைக்காத ஏமாற்றங்கள், பழுதான கருவி, விடிய விடியக் காத்திருந்தது எல்லாம் உங்கள் பதிவுகளில்தான் தெரிகின்றன. அதற்காகத்தானே உங்களைப் பின்தொடர்கிறோம்.

2014 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு வீடியோ நினைவிருக்கும். தென் துருவத் தொலைநோக்கியால் வானை ஆராய்ந்த பைசெப்2 குழுவின் சாவோ-லின் குவோ, இயற்பியலாளர் ஆந்த்ரே லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டி, பிரபஞ்சம் பிறந்த கணத்தில் சட்டென விரிந்ததற்குத் தடயம் கிடைத்துவிட்டது, 5 சிக்மா (தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு) என்கிறார். அந்தக் கொள்கையை உருவாக்கியவர்களில் லிண்டேயும் ஒருவர். ஷாம்பெயின் உடைக்கிறார்கள். அப்புறம், அதே வீடியோவில், இது அழகாக இருப்பதால் மட்டுமே நம்புகிறேனோ என்று லிண்டே தன்னையே கேட்டுக்கொள்கிறார். உலகம் சுற்றியது ஷாம்பெயின்தான். ஜூனில் ஆய்விதழில் அச்சான கட்டுரையில் விண்வெளித் தூசும் இதே தடயத்தைக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை ஏறியிருந்தது. 2015 ஜனவரியில் பிளாங்க் விண்வெளித் தொலைநோக்கியின் குழுவோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்தபோது, அந்த சமிக்ஞையில் பெரும்பங்கு நம் பால்வெளியின் தூசு என்று தெரிந்தது. தவறியதில் குற்றமில்லை, அறிவியல் அப்படித்தான் நகரும். ஆனால் அந்த மனிதர் மகிழ்ச்சியின் உச்சியில் கேட்ட கேள்விதான் அந்த வீடியோவிலேயே ஆகச் சிறந்த இடம். ஐயப்பட்டதால் அவருடைய சந்தோஷம் ஒரு துளியும் குறையவில்லை.

அதேபோல 2019 ஏப்ரலில் முதல் கருந்துளைப் படம் வந்தபோது, அதை உருவாக்கிய குழுவில் ஒருவரான கேட்டி பௌமனின் புகைப்படம் எங்கும் பரவியது. அவரோ ஃபேஸ்புக்கில், ஒரு தனி ஆளோ ஒரு தனி நிரலோ உருவாக்கிய படமல்ல இது என்று எழுதினார். அதைப் படித்து யாரும் அவரை விட்டு விலகவில்லை.

சரி, நான் கேட்பது பெரிதல்ல. எதில் சோதித்தீர்கள், எத்தனை பேரிடம், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்பதைப் பதிவின் முதல் சில வரிகளிலேயே சொல்லுங்கள். சகமதிப்பாய்வு (துறையின் பிற ஆய்வாளர்கள் சரிபார்ப்பது) முடியாத முன்பதிப்பு என்றால் அதையும் சொல்லுங்கள். இழையின் பதினோராவது பதிவில் போட்டால் அங்கே வரை யாரும் வருவதில்லை. மதிப்பாய்வாளர் கேட்பார் என்று கட்டுரையில் எழுதுகிறீர்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாது, ஆனால் மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நாங்கள்தான்.

பின்னாளில் முடிவு மாறினால், அந்தப் பழைய பதிவின் கீழேயே திருத்தத்தைப் போட்டு, உங்கள் பக்கத்தின் மேலேயும் பொருத்தி வையுங்கள். பழையதை நாங்கள் இன்னும் பகிர்ந்துகொண்டிருப்போம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்